களைத்த பின்னும் கலையாத கவனம்

உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, ஊர்க் கபடிக் குழுக்களின் பயிற்சியாளர்களே, கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமிருந்து விடிகாலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பெற்றோர்களே!

இன்று எடுத்துக்கொண்ட பொருள் மல்லுக்கட்டு. குஸ்தி, ஜூடோ, கபடி என்று பெயர்கள் வேறு, விதிகள் வேறு. ஆனால் மூன்றிலும் ஒருவர் பிடிக்கிறார். பிடிபட்டவர் விடுவித்துக்கொள்ளப் போராடுகிறார். அந்தப் போராட்டத்தில் களைப்பு வரும். வந்தே தீரும். வந்த பிறகு மனம் என்ன செய்கிறது? அந்த மனத்தைப் பழக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

பொங்கல் வந்தால் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் என்று இந்த வட்டாரமெங்கும் கபடிதான். அப்படி ஓர் ஆட்டத்தை மனக்கண்ணில் நிறுத்துங்கள். இரண்டாம் பாதி, 38-ஆவது நிமிடம், புள்ளிகள் சமம். எதிரணி ஆள் பாடி வருகிறார். இடது கார்னரில் நிற்பவர் ஊரறிந்த பிடிக்காரர். முதல் பாதியில் வந்தவர்களையெல்லாம் கணுக்காலில் மடக்கியவர். பாடி வருபவர் முன்காலை நீட்டிக் காட்டுகிறார். எடை இன்னும் பின்காலில்தான் இருக்கிறது. கார்னர்காரர் பாய்ந்துவிடுகிறார். கை காற்றைப் பிடிக்கிறது. பாடி வந்தவர் அவர் முதுகைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்.

வெளியே உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் என்ன சொல்வார்? "ஸ்டாமினா பத்தல!"

அப்படியா? அந்தப் பாய்ச்சலில் வேகம் குறைந்ததா? இல்லையே! கால் வேலை செய்தது. தோள் வேலை செய்தது. எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பார்க்க வேண்டிய கண் மட்டும் வேலை செய்யவில்லை. அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கவனம் அங்கே இல்லை.

களைப்பு முதலில் கைவைப்பது கவனத்தில். பலம் அதற்குப் பிறகுதான் போகிறது. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஆனால் நம் மைதானங்களில் என்ன நடக்கிறது? பலத்துக்குத் தண்டால் உண்டு, பஸ்கி உண்டு, கர்லாக்கட்டை உண்டு. மூச்சுக்கு ஓட்டம் உண்டு. கவனத்துக்கு என்ன உண்டு? "உன்னிப்பா ஆடுடா" என்ற அதட்டல் உண்டு. அதட்டலைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா?

இந்த மண்ணுக்கு மல்லுக்கட்டு புதிதல்ல. புறநானூற்றின் 80-ஆம் பாட்டு ஒரு மற்போரின் நேரடி வர்ணனை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். அவர் எதைப் பார்த்தார் தெரியுமா? தோளின் பருமனைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. மல்லனின் மார்பில் மண்டியிட்டு மடங்கிய கால் எது, அவன் தந்திரத்தைத் தடுக்கப் பின்பக்கமாக வளைந்த கால் எது என்று கால் காலாகப் பிரித்துச் சொல்கிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிற இடத்தில் புலவரின் கண் பிடியின் நுணுக்கத்தில் இருந்திருக்கிறது. நல்ல பயிற்சியாளரின் கண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நம் காலத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை விழுப்புரத்தோடு இருந்தது. அந்த விழுப்புரம் எதற்குப் பேர்போனது? மல்லர் கம்பத்துக்கு. தமிழகத்தில் அந்தக் கலையைப் பரப்பியவர் என்று கொண்டாடப்படும் உலகதுரை அந்த ஊர்க்காரர். மராட்டியத்தில் குஸ்திக்காரர்களின் துணைப் பயிற்சியாக வளர்ந்த கலை அது. ஆள் உயரத்தைத் தாண்டிய மரக்கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள். ஏறுகிறவர் தொடையாலும் கால்விரல் இடுக்காலும் அதைக் கவ்விக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி ஆசனம் காட்ட வேண்டும். சில நிமிடத்தில் தொடை நடுங்கும், எண்ணெய் வழுக்கும், கைவிரல் மரத்துப்போகும். அப்போது கண்ணை எங்கே வைப்பது, மூச்சை எப்போது விடுவது, அடுத்த பிடி எது? இந்த மூன்றையும் மறக்காதவர் கம்பத்தில் நிற்கிறார். மறந்தவர் வழுக்கிக் கீழே வருகிறார். களைப்பில் கவனம் காக்கும் பயிற்சியை ஒரு மரத்துண்டில் வடித்து வைத்திருக்கிறார்கள்!

சரி, இந்தக் களைப்பு எவ்வளவு தூரம் போகும்? 1912-ஆம் ஆண்டு, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். கிரேக்க ரோமன் குஸ்தியில் நடு எடைப் பிரிவு. ரஷ்யப் பேரரசின் சார்பில் ஆடிய எஸ்தோனியர் மார்ட்டின் கிளைன் ஒரு பக்கம், பின்லாந்தின் ஆல்ஃபிரட் அசிகைனன் மறுபக்கம். திறந்தவெளி, வெயில். அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் நடந்தது? 11 மணி 40 நிமிடம்! கடைசியில் கிளைன் ஜெயித்தார். ஆனால் தங்கத்துக்கான ஆட்டத்தில் இறங்க உடம்பில் தெம்பில்லை. வெள்ளியோடு திருப்தியடைந்தார். இன்று விதிகள் அப்படி இல்லை. ஃப்ரீஸ்டைல் குஸ்தி மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, இடையில் 30 விநாடி ஓய்வு. ஆறே நிமிடம். ஆனால் அந்த ஆறு நிமிடத்தை ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் கேளுங்கள். 1952, ஹெல்சிங்கி. சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த கஷாபா ஜாதவ், ஜப்பானின் ஷோஹாச்சி இஷியோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டித் தோற்றார். அந்த இஷிதான் பிறகு தங்கம் வென்றவர். ஆட்டம் முடிந்த கையோடு சோவியத் வீரருடன் மோத ஜாதவை அழைத்துவிட்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் அருகில் இல்லை என்பது குஸ்தி வட்டாரத்தில் இன்றும் ஆற்றாமையோடு பேசப்படும் செய்தி. களைத்த உடம்போடு இறங்கினார், தோற்றார், வெண்கலத்தோடு திரும்பினார். பயிற்சியாளர்கள் இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். களைத்தவர் விதியைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். அவருக்காகக் களைக்காத ஒரு தலை கரையில் இருந்தாக வேண்டும்.

இனி அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பயப்பட வேண்டாம், மூன்றே சோதனைகள்தான்.

இத்தாலியின் டுரின் நகரில் ஆஞ்சலோ மோசோ என்று ஓர் உடலியல் பேராசிரியர் இருந்தார். களைப்பைப் பற்றி 1891-இல் புத்தகமே எழுதியவர். ஒரு விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, எப்போது விரல் ஓய்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார். அதில் தன் சக பேராசிரியர்களைச் சோதித்தார். நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு நடத்தி முடித்தவர்களின் விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்துபோனது. கேள்வி கேட்டது வாய், யோசித்தது மூளை, ஓய்ந்தது விரல்! மேடையில் நின்று பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது சோதனை பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் நடந்தது. சாமுவேல் மார்கோரா குழுவினர் 2009-இல் வெளியிட்டது. 16 பேர். ஒரு நாள் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கம்ப்யூட்டர் வேலை. இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ஆவணப்படம். இரண்டு நாளும் பிறகு சைக்கிள் மிதிக்க வேண்டும், முடியாது என்று நிற்கும்வரை. படம் பார்த்த நாளில் சராசரி 754 விநாடி தாங்கினார்கள். மூளை களைத்த நாளில் 640 விநாடி. ஏறக்குறைய இரண்டு நிமிடம் காணாமல் போயிற்று! இதயத்திலும் தசையிலும் அதற்குக் காரணம் தென்படவில்லை. வேலை கூடுதல் கடினமாகத் தோன்றியது, அதனால் முன்கூட்டியே விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, அதே ஆய்வாளர் 2010-இல் வெளியிட்டது. ரக்பி ஆடுகிற 10 பேர். சராசரி 242 வாட் சக்தியில் மிதித்து, இனி ஒரு சுற்றுகூட முடியாது என்று நின்றார்கள். நின்ற அந்த நொடியே, ஐந்து விநாடி முழுப் பலத்தோடு மிதியுங்கள் என்றார்கள். எவ்வளவு வந்தது? சராசரி 731 வாட். 242 முடியாது என்ற கால், அதைப்போல மூன்று மடங்கு தந்தது. ஐந்து விநாடி வேகம் வேறு, பத்து நிமிடத் தாங்குதல் வேறு என்று இதை மறுக்கிற அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் "முடியாது" என்ற சொல் தசையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை இந்தச் சோதனை கண்முன் காட்டிவிட்டது.

பெற்றோர்களே, இதை உங்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பகல் முழுக்கப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாலையில் மைதானத்தில் சோர்ந்து நின்றால் அது சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். மூளையின் களைப்பு உடம்பில் தெரிகிறது.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். "எங்கள் பிள்ளைகள் உழைக்கிற பிள்ளைகள். மலையேறி இறங்குகிறவர்கள். இவர்களுக்கா தாங்குதிறன் சொல்லித்தர வேண்டும்?" சின்னக் கல்வராயன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. அங்கே சாமை, கேழ்வரகு விளைகிற சரிவுகளில் ஏறி இறங்கி வளர்ந்த கால்களின் வலுவை யார் மறுப்பது? கீழே வந்தால் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிற கரும்பை வெட்டுகிறவர்களின் முதுகு! அந்த உழைப்பை ஜிம்மில் வாங்க முடியாது.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மலையேறுகிறவர் தன் வேகத்தைத் தானே வைக்கிறார். மூச்சு வாங்கினால் ஒரு பாறையில் உட்காரலாம். கரும்பு வெட்டுகிறவருக்கு ஒரு தாளம் உண்டு. குனிந்து வெட்டி, தோகை சீவி, வீசி, மறுபடி குனிவார். தாளம் இருந்தால் மனம் அதிலே சவாரி செய்யும். மல்லுக்கட்டில் அந்தத் தாளத்தை எதிராளி உடைக்கிறார். நீங்கள் மூச்சு வாங்க நினைக்கும் நேரம் பார்த்து அவர் தள்ளுகிறார். நீங்கள் தள்ள நினைக்கும்போது நழுவுகிறார். இறுக்கிப் பிடித்த கையில் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது, முன்கை கல்லாகிறது, மூச்சு தன்னையறியாமல் அடைபடுகிறது. நீண்ட உழைப்பில் தேர்ந்தவரும் இங்கே மூன்றாவது நிமிடத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே மலையில் பெற்ற வலுவோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: தாளம் உடைந்த இடத்தில் தடுமாறாத மனம்.

அப்படிப்பட்ட மனம் எப்படி இருக்கும்? இரண்டு பேரைக் காட்டலாம்.

2012, லண்டன். அரியானாவின் யோகேஷ்வர் தத், 60 கிலோ பிரிவு. ரஷ்யாவின் பெசிக் குதுகோவிடம் தோற்றார். அந்த ஆட்டத்திலேயே வலது கண் வீங்கிவிட்டது. குதுகோவ் இறுதிக்குப் போனதால் யோகேஷ்வருக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. ஆனால் என்ன வாய்ப்பு? ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து மூன்று ஆட்டம்! போர்ட்டோ ரிக்கோ வீரரை வென்றார். ஈரான் வீரரை வென்றார். மூன்றாவதாக வடகொரியாவின் ரி ஜோங் மியோங். கண் பாதி மூடியிருக்கிறது, மூச்சு இரைக்கிறது. அப்போது அவர் கையில் எடுத்தது என்ன? எதிராளியின் இரண்டு கணுக்கால்களையும் குறுக்காகப் பூட்டி, உருளை மாதிரி புரட்டும் "ஃபிதேலே" என்ற பிடி. ஒருமுறை பூட்டினார், புரட்டினார், புரட்டினார், மறுபடி புரட்டினார். வெண்கலம்! அது அன்று புதிதாகத் தோன்றிய யுக்தியல்ல. அவருடைய கைவந்த பிடி. தலை சுற்றுகிற நேரத்தில் பத்து வித்தைகளில் எதைச் செய்வது என்று அவர் தேடவில்லை. ஒன்றுதான் வைத்திருந்தார், அதை முழுதாக வைத்திருந்தார்.

2016, ரியோ. சாக்ஷி மாலிக், 58 கிலோ. வெண்கலத்துக்கான ஆட்டம் அவருக்கு அன்று ஒரே நாளில் ஐந்தாவது ஆட்டம். எதிரே கிர்கிஸ்தானின் ஐசுலு டினிபெகோவா. முதல் பாதி முடியும்போது 0–5. டிவி பார்த்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள். சாக்ஷி என்ன செய்தார்? ஐந்து புள்ளியையும் ஒரே வீச்சில் எடுக்கப் பாய்ந்தாரா? இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். 5–5 ஆனது. கடைசி விநாடிகளில் இன்னொரு முறை காலைப் பிடித்து இறக்கினார். முடிவு 8–5. இந்தியப் பெண் ஒருவர் குஸ்தியில் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இரண்டு பேரும் களைக்காதவர்களா? நன்றாகக் களைத்தவர்கள். களைப்போடு ஒரு வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

பயிற்சியாளர்களே, இனிப் பேச்சு உங்களோடு. இதை மைதானத்தில் கொண்டுவருவது எப்படி?

முதலாவது, புதிய பிடியைக் களைப்பில் கற்றுத்தராதீர்கள். பயிற்சி தொடங்கி உடம்பு சூடானதும், மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் புதியதைச் சொல்லுங்கள். களைத்தபின் சொல்லித்தந்தால் பிள்ளை தப்பான பிடியைத்தான் ஆழமாகப் பழகும். களைப்பில் பழக வேண்டியது ஏற்கெனவே கைவந்த இரண்டு மூன்று பிடிகளை மட்டும். கார்னர்காரருக்குக் கணுக்கால் பிடி, கவர் நிற்பவருக்குத் தொடைப் பிடி, அவ்வளவு போதும்.

இரண்டாவது, ஆள் மாற்றிப் பிடித்தல். ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருவராகப் புது ஆளை உள்ளே அனுப்புங்கள். நடுவில் இருப்பவர் களைக்கக் களைக்க, வருகிறவர் தெம்போடு வருவார். உலகெங்கும் குஸ்தி, ஜூடோ கூடங்களில் இருக்கிற பயிற்சிதான். நான்கு ஐந்து நிமிடம் போதும், பிறகு முழு ஓய்வு. முக்கியமான இடம் எது தெரியுமா? நடுவில் இருப்பவரிடம் "எல்லாரையும் ஜெயி" என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "உன் தலையை அவன் மார்புக்குக் கீழே போகவிடாதே." அல்லது, "அவன் மணிக்கட்டை விடாதே." நான்கு நிமிடமும் அந்த ஒரு வேலை நடந்ததா என்று மட்டும் பாருங்கள். கீழே விழுந்தாலும் மணிக்கட்டை விடாமல் விழுந்தாரா? அவருக்குக் கைதட்டுங்கள்.

மூன்றாவது, மூச்சு. எதிராளி மேலே அழுத்தும்போது புதியவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பத்து விநாடியில் பதற்றம் வந்துவிடும். அழுத்தம் வரும்போது வாய்வழியே மூச்சை நீளமாக விடப் பழக்குங்கள். விட்டால் உள்ளே வருவது தானாக வரும். கபடியில் பாடி வருபவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். பாட்டு வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் மூச்சு அடைபட வழியில்லை. பாட்டு நின்றால் நடுவர் விசில் ஊதிவிடுவார். பிடிக்கிறவர்களுக்குத்தான் அந்தக் காவல் இல்லை.

நான்காவது, மனத்துக்குள் ஒரு சொல். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் களைப்பு வரும் நேரத்தில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள ஊக்கச் சொற்களைத் தேர்ந்து பழக்கினார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர்கள் சைக்கிளில் தாங்கிய நேரம் 637 விநாடியிலிருந்து 750 ஆனது. பழகாதவர்களிடம் அப்படிப்பட்ட முன்னேற்றம் இல்லை. சொல்லைப் பயிற்சியாளர் திணிக்கக் கூடாது. பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். "விடாதே" என்று ஒருவர் வைக்கலாம். "கால பாரு" என்று இன்னொருவர் வைக்கலாம். வீட்டில் பேசுகிற பேச்சில், சுருக்கமாக இருந்தால் நல்லது. முதலில் சொன்ன கார்னர்காரரின் மனத்தில் அந்த "கால பாரு" இருந்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

ஐந்தாவது, கணக்கு வைத்த முடிவு. பயிற்சி ஆட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். "ரெண்டு புள்ளி பின்தங்கியிருக்கீங்க, நாற்பது விநாடி பாக்கி, மூணு பேர் உள்ளே" என்று தொடங்குங்கள். முழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் இரைக்கிற நேரத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் இதைச் செய்யுங்கள். புரோ கபடியில் இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். அந்த மாதிரி நெருக்கடியை முதன்முதலாகப் போட்டியில் சந்திக்கிறவர் பதறுவார். பத்து முறை பார்த்தவருக்கு அது இன்னொரு ரைடு.

இவ்வளவு சொன்ன பிறகு, சொல்லாமல் விடக் கூடாத இன்னொரு பக்கம் இருக்கிறது. களைப்பைத் தாங்கு, தாங்கு என்று பேசிப் பேசி, நிறுத்த வேண்டிய இடத்தை மறந்துவிடக் கூடாது.

1997-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரிக் குஸ்தி வீரர்கள் இறந்துபோனார்கள். எதிராளி கையால் அல்ல. எடைப் பிரிவுக்குள் நுழைய, தண்ணீர் குடிக்காமல், சூடான இடத்தில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்கே எடை பார்க்கும் விதிகளையே மாற்றினார்கள். 2024 பாரிஸில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை சர்வதேச அரங்கில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியைக் கடைசி விநாடிகளில் சாய்த்தார் வினேஷ் போகட். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் எடைக்காக இறுதி ஆட்டத்தையே இழந்தார். இரவெல்லாம் தூங்காமல் எடை குறைத்தும் பலனில்லை. வளர்கிற பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்லும் பழக்கம் எந்த ஊர் மைதானத்திலும் இருக்கக் கூடாது.

தண்டனையாக முந்நூறு பஸ்கி போடச் சொல்வதும் அப்படித்தான். பழகாத உடம்பில் அளவு மீறினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வெயிலில் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழல், தண்ணீர், மருத்துவர். ஜூடோவில் பிடி தாங்காதவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். தட்டுவது கோழைத்தனம் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், அந்தக் கூடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அப்புறம் தூக்கம். 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்றால், இரவு ஒன்பது மணிக்கு முன்பே விளக்கை அணைக்க வேண்டும். போனையும் அணைக்க வேண்டும். தூக்கம் கெட்டவரிடம் கவனம் கேட்பது எப்படி நியாயமாகும்?

தமிழ்நாட்டில் கபடிக்கு வழிகாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கினார். கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் சிற்றூர் ஒரு குறை அல்ல. மேட் இல்லாத பள்ளியிலும் உழுது சலித்த மண்தரையில் இன்று சொன்ன ஐந்தையும் செய்யலாம். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு விசில்.

அந்த நோட்டு எதற்கு? பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆடாமல் உட்காரும் ஒருவரிடம் அதைக் கொடுங்கள். மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். அவசரப்பட்டுப் பாய்ந்தது எத்தனை முறை? மூச்சை அடக்கியது எத்தனை முறை? கூட ஆடுபவர் கூப்பிட்டது காதில் விழாமல் போனது எத்தனை முறை? பெயர் எழுதிக் கோடு போட்டால் போதும். யாரையும் திட்ட அல்ல. அடுத்த வாரம் யாருக்கு எந்த வேலை தருவது என்று தெரிய. நான்கு வாரம் எழுதிவிட்டு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் குறைந்திருந்தால் பயிற்சி சரியான வழியில் போகிறது. குறையவில்லை என்றால் பிள்ளையை மாற்றாதீர்கள், பயிற்சியை மாற்றுங்கள்.

பேச்சு இத்துடன் போதும். மேடைக்கு வலப்பக்கம் மேட் விரித்திருக்கிறார்கள். கார்னரில் நிற்கிற ஒரு தங்கையும், பாடிப் போகிற நான்கு பேரும் முன்னால் வாருங்கள். ஆள் மாற்றிப் பிடித்தலை நான்கு நிமிடம் இங்கேயே செய்து பார்த்துவிடலாம். ஆசிரியர்கள் தயவுசெய்து நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.